சொக்கா பெரிசு... ஆள் சின்னது!

"தொப்பை இல்லைய்யா இது... தோலு! வெறும் தோலு!"

எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் அண்ணன் எட்டு மாசமாக இதையேதான் சொல்லிக் கொண்டிருந்தார். தர்மபுரி ஸ்டேடியத்தில் தினம் காலையில் ஏழு ரவுண்டு நடந்து, 88 கிலோவாக இருந்தவர் 79-க்கு இறங்கியிருந்தார். நிஜமாகவே சாதனைதான். நடை முடிந்த கையோடு நாலு ரோடு பக்கம் போய் இரண்டு போண்டா உள்ளே தள்ளுகிற மனுஷன் 9 கிலோ குறைப்பதென்றால் சும்மாவா? ஆனால் பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிற அந்தச் சமாசாரம் மட்டும் அப்படியே இருந்தது. யாருடைய பார்வையாவது அந்தப் பக்கம் போனால் போதும். "எளைச்சேன்ல? அதான் தோலு தொங்குது. கொழுப்பெல்லாம் எப்பவோ கரைஞ்சு போச்சு!"

அவருக்கு நேர் எதிர் சீட்டில் கேஷியர் தம்பி. வயசு 27. வேலையில் சேரும்போது 112 கிலோ. இரண்டே வருஷத்தில் 44 கிலோவை இறக்கி 68-க்கு வந்துவிட்டார். அவருடைய ஐ.டி. கார்டு போட்டோவைப் பார்த்து, புதுசாக வந்த வாட்ச்மேன் "இது உங்க அண்ணனா சார்?" என்று கேட்டது உண்மைக் கதை. அந்தத் தம்பி சொன்னதோ நேர் தலைகீழ்.

"இன்னும் கொழுப்பு போகல சார். வயித்துல மடிப்பு மடிப்பா தொங்குது. இன்னும் ஒரு பத்து கிலோவாச்சும் இறக்கணும்."

அதற்காக மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோர். ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணி. பணம் எண்ணிக் கொண்டிருந்தவரின் விரல் நின்றது. நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் நாற்காலிக்குக் கீழே கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்த பிறகு ஒரு சோடா குடிக்க வைத்து உட்கார வைத்தோம். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சோடாவுல சர்க்கரை போட்டீங்களா சார்?"

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஒருத்தர் கொழுப்பைத் தோல் என்கிறார். இன்னொருத்தர் தோலைக் கொழுப்பு என்கிறார். முதல் ஆள் கணக்கு தப்பினால் போண்டா தொடரும், அவ்வளவுதான். இரண்டாவது ஆள் கணக்கு தப்பினால் பட்டினி தொடரும்.

இந்த வழக்குக்கு முதல் தீர்ப்பு கிடைத்த இடம் எது தெரியுமோ? ஒகேனக்கல்!

ஒரு ரெண்டாவது சனிக்கிழமை, ஆபீஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர் பென்னாகரம் வழியாக பஸ் பிடித்துப் போனோம். காவிரியில் தண்ணீர் அளவாக வந்து கொண்டிருந்தது. (அதிகமாக வந்தால் பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. போலீஸ்காரர் கயிறு கட்டி நிற்பார்.) ஒகேனக்கல் என்றாலே முதலில் எண்ணெய் மசாஜ், அப்புறம் அருவி, அப்புறம் மீன் வறுவல். இந்த வரிசையை மாற்றினால் பாவம் என்று ஹெட்கிளார்க் அண்ணன் சொல்வார். எல்லாரும் துண்டைக் கட்டிக் கொண்டு பாறையில் வரிசையாகப் படுத்தாச்சு. கேஷியர் தம்பி மட்டும் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக் கொண்டு, மீன் வறுக்கிற புகையை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றார்.

"சளி சார்... குளிக்கல."

நைஸாக ஓரம் கட்டிக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "அடுத்த மாசம் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்க சார். சட்டை போட்டா நல்லாத்தான் இருக்கேன். கழட்டினா அறுபது வயசுக் கிழவன் மாதிரி இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு பார்த்துட்டு என்ன நினைக்கும்?"

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற மசாஜ்காரப் பெரியவர் காதில் அத்தனையும் விழுந்திருக்கிறது. தினம் எத்தனை வயிற்றைப் பார்க்கிற கை அது! "வா தம்பி, இங்க யாரு பார்க்கப் போறா?" என்று ஒரு மறைவான பாறைப் பக்கம் அழைத்துப் போய்ச் சட்டையைக் கழற்ற வைத்தார். தொப்புள் பக்கத்தில் இரண்டு விரலால் ஒரு பிடி. தூக்கினார், விட்டார். சிரித்தார்.

"தம்பி, இதுல சதையும் இல்ல, கொழுப்பும் இல்ல. சொக்கா பெரிசாயிடுச்சு, உள்ள ஆளு சின்னதாயிட்டே. அவ்ளோதான்!"

ஹெட்கிளார்க் அண்ணனுக்கு ஏக உற்சாகம். "அதான்யா நானும் சொல்றேன்! எனக்கும் பாருங்க பெரியவரே!"

அதே இரண்டு விரல் போதவில்லை. பெரியவர் ஐந்து விரலாலும் அள்ளினார். "உங்களுக்கு சொக்காவும் பெரிசு, ஆளும் பெரிசு. அளவு சரியாத்தான் இருக்குதுங்க!"

அன்றைக்கு அண்ணன் மீன் வறுவலைக்கூட அரை மனசோடுதான் சாப்பிட்டார்.

ஏதோ மசாஜ்காரர் சொல்லிவிட்டார் என்று தள்ளிவிட வேண்டாம். அவர் செய்ததைத்தான் டாக்டர்களும் செய்கிறார்கள். விரலுக்குப் பதிலாக 'காலிப்பர்' என்று ஒரு கருவி. கிடுக்கி மாதிரி இருக்கும். தோலை மடிப்பாகப் பிடித்து அதன் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கிறது. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறக் கூடாது என்பதற்காக, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்று அதன் ஸ்பிரிங்கை அமைத்திருக்கிறார்கள். 1974-ல் டர்னின், வோமர்ஸ்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கையில் இரண்டு இடம், தோள்பட்டைக்குக் கீழே ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று என்று நாலு மடிப்புகளை அளந்தால் உடம்பில் மொத்தக் கொழுப்பு எத்தனை சதவிகிதம் என்று கணக்கிட வழி சொன்னார்கள். இன்றைக்கும் அது புழக்கத்தில் இருக்கிறது.

விஷயம் சுலபம். உடம்பில் பெரும்பாலான இடங்களில் தோலின் தடிமன் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். மடித்துப் பிடித்தால் இரட்டிப்பு. அதற்கு மேல் உங்கள் விரலுக்கு நடுவில் என்ன சிக்குகிறதோ, அது தோல் இல்லை சுவாமி!

சந்தேகம் உள்ளவர்கள் இதைப் படித்துக் கொண்டிருக்கும்போதே புறங்கையைக் கிள்ளிப் பாருங்கள். அங்கே கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சும்மா பேப்பரை மடித்த மாதிரி ஒரு மெல்லிசு மடிப்பு வரும். 'வெறும் தோல்' என்றால் அந்த அளவு. இப்போது (மானேஜர் பார்க்காத நேரமாக) எழுந்து நின்று தொப்புளுக்கு இரண்டு சென்டிமீட்டர் வலது பக்கம் தள்ளிக் கிள்ளுங்கள். புறங்கை மாதிரியோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ மெல்லிசாக வந்து, துணி மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தால் தோல். கட்டை விரல் தடிமனுக்கு, மாவு உருண்டை மாதிரி மெத்தென்று வந்தால் கொழுப்பு. நடுவாந்தரமாக இருந்தால் இரண்டும் கலந்தது. எடை குறைத்தவர்களில் நிறையப் பேர் இந்த மூன்றாவது கட்சிதான். மிச்சமிருக்கிற கொழுப்பு தோலைக் கீழே இழுத்துத் தொங்க வைக்கிறது. பார்க்கிற கண்ணுக்குத் தோல் தொங்குவது மட்டும் தெரிகிறது.

நின்று பார்க்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கேஷியர் தம்பி தினமும் கட்டிலில் உட்கார்ந்த வாக்கில் குனிந்து தன் வயிற்றைப் பார்த்திருக்கிறார். உட்கார்ந்தால் ஓமக்குச்சி மாதிரி இருக்கிறவனுக்கும் வயிற்றில் இரண்டு மடிப்பு விழும். அதை வைத்து உடம்புக்குத் தீர்ப்பு எழுதினால் ஊரில் பாதிப் பேர் பட்டினிதான்.

அடுத்தது மல்லாந்து படுப்பது. வெறும் தோலாக இருந்தால் வயிறு பள்ளமாக இறங்கி, தோல் இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். படுத்த பிறகும் வயிறு கோபுரம் மாதிரி நின்றால்? அதுதான் வில்லன். அந்தக் கொழுப்பு தோலுக்குக் கீழே இல்லை. வயிற்றுத் தசைச் சுவருக்கும் உள்ளே, ஈரலையும் குடலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இது விரலில் சிக்கவே சிக்காது. "கிள்ளிப் பார்த்தேன், ஒண்ணுமே வரல. அப்ப கொழுப்பே இல்லதானே?" என்று கேட்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வயிறு பானை மாதிரி கெட்டியாக இருக்கும், கிள்ளினால் தோல் மட்டும் வரும். சர்க்கரை வியாதி, மாரடைப்பு இரண்டுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது இந்த உள்கொழுப்புதான்.

இதற்குக் கிள்ளல் உதவாது, டெய்லர் டேப்தான் உதவும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நாம்தான் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற கலையில் மன்னர்களாச்சே! ஹெட்கிளார்க் அண்ணனுக்கு டேப் 102 காட்டியது. மூச்சை உள்ளே இழுத்துக் கொண்டு 99 ஆக்கினார். செல்லாது என்று அறிவித்தோம்.

நம் ஊர் உடம்புக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்றால், அதற்கு ஒரு பிரசித்தி பெற்ற போட்டோ சாட்சி இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை கணக்கான பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. பார்த்தால் இருவருமே ஒல்லி. ஆனால் ஸ்கேன் செய்தபோது யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம், நம்மவர் யாஜ்னிக் உடம்பில் 21.2! ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. இந்தியர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்குத் தன் உடம்பையே சாட்சியாக நிறுத்தினார் அந்த டாக்டர். எடை மெஷின் சொல்வதை மட்டும் நம்பி "எளைச்சுட்டேன்" என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

சரி, தோல் ஏன் தொங்குகிறது? தோலுக்கு இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. அதில் கொலாஜன் என்ற கயிறும், எலாஸ்டின் என்ற ரப்பரும் பின்னிக் கிடக்கின்றன. புது ஜட்டியின் எலாஸ்டிக் எப்படி 'டப்' என்று திரும்புகிறது? அதையே பத்து வருஷம் இழுத்தபடி வைத்திருந்தால்? அதேதான். எவ்வளவு குண்டு என்பது மட்டுமில்லை, எத்தனை வருஷம் குண்டு என்பதும் கணக்கு. வயசு, வெயில், பரம்பரை எல்லாம் சேரும். சிகரெட் அந்தக் கயிற்றை இன்னும் சீக்கிரம் இற்றுப் போக வைக்கும். ஏழெட்டு கிலோ, பத்து கிலோ குறைத்தவர்களுக்கு, அதுவும் இளவட்டங்களுக்கு, தோல் பெரும்பாலும் தானாகவே சுருங்கிக் கொள்ளும். வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். 40, 50 கிலோ குறைத்தவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றே தீரும். இதனால்தான் அண்ணனின் வாதம் ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. 9 கிலோவுக்கு அவ்வளவு தோல் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் கடைக்காரர்கள் நுழைகிறார்கள். தோலை இறுக்கும் கிரீம், வியர்க்க வைக்கும் பெல்ட், 21 நாளில் அதிசயம்... கேஷியர் தம்பியின் பீரோவில் மூன்று டப்பா கிடந்தது. மேலே தடவுகிற கிரீம் மேல்தோலைக் கொஞ்சம் மிருதுவாக்கலாம். அறுந்த ரப்பரை முடிச்சுப் போடாது. பெல்ட் கட்டி ஓடினால் போவது தண்ணீர். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். ஒகேனக்கல் எண்ணெய்க்கும் இது பொருந்தும். மசாஜ் சுகம்தான், சந்தேகமில்லை. தோல் இறுகுமா என்று பெரியவரையே கேட்டோம். "இறுகறதா இருந்தா எனக்கே இறுகியிருக்குமே சார்!" என்று தன் கழுத்தைக் காட்டினார்.

நெல்லிக்காயைப் பற்றியும் கேட்பீர்கள். தகடூர்க்காரர்கள் நாங்கள், அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனி ஆயிற்றே! கொலாஜன் தயாராவதற்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், நெல்லிக்காயில் அது ஏராளம். அதுவரை உண்மை. ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைத்த பிறகு கூடுதலாகத் தின்றால் தோல் கூடுதலாக இறுகாது. அவ்வையாரே நீண்ட ஆயுளுக்கு வாங்கினாரே தவிர, சுருக்கம் போக வாங்கியதாகத் தெரியவில்லை.

ஒகேனக்கலிலிருந்து வந்த மறு வாரம் கேஷியர் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார், மடிப்பை அளந்தார், படுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் முடிந்தது. "கொழுப்பு உங்க வயசுக்கு சரியா இருக்கு. தொங்கறது தோல்தான். நீங்க பட்டினி கிடந்தா தோல் போகாது தம்பி, தசைதான் போகும். தசை போனா உள்ள இன்னும் காலியாகி, தோல் இன்னும் தொங்கும்" என்றார்.

தம்பி ஆடிப் போய்விட்டார். எதைக் கரைக்கப் பட்டினி கிடந்தாரோ, அந்தப் பட்டினியாலேயே தோல் இன்னும் தொங்குகிறது!

டாக்டரின் மருந்துச் சீட்டில் பெரிதாக மாத்திரை எதுவும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 68 கிலோவுக்கு 56 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். பயறு, கொள்ளு, தயிர் எல்லாம் சேர வேண்டும். (கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறதோ இல்லையோ, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அதற்காகவே சாப்பிடலாம்.) எங்கள் ஊர்க் களியையும் விட வேண்டாம் என்றார். ஆனால் கேழ்வரகு மாவிலும் எடைக்கு எடை கிட்டத்தட்ட அரிசி அளவு கலோரி இருக்கிறது. களி என்றால் கணக்கே இல்லை என்று நாலு உருண்டை முழுங்குகிறவர்கள் கவனிக்க! வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. சொக்காவைச் சின்னதாக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கிற ஆளைக் கொஞ்சம் கெட்டியாக்கலாம் இல்லையா? சித்திரை வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தங்கிப் படை வரும். துடைத்து உலர்த்தி வைக்கச் சொன்னார்.

"அப்புறமும் மனசுக்கு உறுத்தினா ஆபரேஷன் இருக்கு" என்றார். அதிகப்படித் தோலை வெட்டி எடுத்துத் தைப்பது. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தழும்பு நிற்கும். எடை குறைந்தது ஆறு மாசமாவது ஏறாமல் இறங்காமல் இருந்தால்தான் சர்ஜன்கள் கை வைப்பார்கள். சிகரெட் பிடிக்கிறவர் என்றால் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்; இல்லையென்றால் புண் ஆறாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற 'லைப்போசக்ஷன்' இதற்கு வேறு. அது தோலை எடுக்காது, சில சமயம் இன்னும் தொளதொள ஆக்கிவிடும். இரண்டையும் குழப்பிக் கொண்டு விளம்பரம் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. முதலில் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது பர்ஸுக்கும் நல்லது.

ஹெட்கிளார்க் அண்ணன் அதற்குப் பிறகு தோல் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. இப்போதெல்லாம் "எனக்கு இருக்கிறது உள்கொழுப்பு!" என்று ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி சொல்லிக் கொள்கிறார். போண்டா இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. டேப் 97.

கேஷியர் தம்பி இப்போது 70 கிலோ. ஏறிய இரண்டு கிலோவைப் பார்த்து முதலில் அலறினார். கையை மடக்கிப் பார்த்த பிறகு அலறல் நின்றது. மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கிறது. முட்டை வாசனைக்கு நாங்கள்தான் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பெண் பார்க்கவும் போய்விட்டு வந்தார். 112 கிலோ போட்டோவைத் தானே எடுத்துக் காட்டி, "இப்படி இருந்தேன்... குறைச்சதுல வயித்துத் தோல் கொஞ்சம் தொங்கும்" என்று அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "44 கிலோவா? நீங்களேவா?" என்று மட்டும் கேட்டதாம். ஒரு வாரத்தில் சம்மதம் வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு நாங்களும் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் வருங்கால மாமனார் தம்பியை ஓரமாக அழைத்தார். ஏதோ சீர் செனத்தி விஷயம் என்று நாங்கள் காதைத் தீட்டிக் கொண்டோம். மனுஷர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பட்டுச் சட்டையைக் கொஞ்சமாகத் தூக்கினார்.

"மாப்ளே... கொஞ்சம் கிள்ளிப் பார்த்துச் சொல்லுங்க. இது தோலுதானே?"